வகுப்பில் சொன்ன சேதி

கச்சான் காற்று எழும்பினால் குருசடிப்பாட்டில் சோற்றிலும் மணல் கடிபடும். சிலாபத்துக்கு வடக்கே, களப்புக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர் அது. அந்த மாதங்களில் வள்ளங்களைத் தென்னையடி வரைக்கும் இழுத்து ஏற்றிவிட்டு ஆண்கள் கிழிந்த வலை பொத்துவார்கள், கரம் விளையாடுவார்கள், ஒன்றுமில்லாத விசயத்துக்கு ஒருவரோடொருவர் கொழுவுவார்கள். பெண்களுக்கு வேலை ஓயாது. களப்பு மீன் வரும். சந்தையில் விலைபோகாமல் மிஞ்சின மீன் லொறியில் வரும். எல்லாம் கருவாடு போடுகிற கொட்டிலுக்கு, வாடிக்குத்தான்.

பாக்கியம்மா வாடியில் குந்தியிருந்து மீன் வெட்டுவாள். முதுகுப் பக்கமாகக் கத்தியை ஓட்டி, மீனைப் புத்தகம்போல விரித்து, குடலை வழித்து வாளிக்குள் எறிவாள். அவளுடைய மருமகள் மெற்றில்டா உப்புப் பிரட்டித் தொட்டியில் அடுக்குவாள். மகள் றஜிதா மட்டும் காலையிலேயே சாரி கட்டி, தோளில் மடிக்கணினிப் பையோடு சிலாபம் பஸ்ஸுக்காக மணல் வீதியில் நடந்துபோவாள். நாற்பத்தைந்தை நெருங்கியும் கல்யாணம் கட்டாதவள். அதைப் பற்றி ஊர் பேசிப் பேசி அலுத்து விட்டிருந்தது.

அவளுடைய தகப்பன் அருமைநாயகம்தான் அந்தக் கரைக்கு முதன்முதலில் ஒலிபெருக்கிப் பெட்டி கொண்டுவந்த மனிதர். அவர் செத்த பிறகு றஜிதா பெட்டிகளை விற்கவில்லை. தம்பி றொகானுக்கு நல்ல குரல். கரைத்தீவிலிருந்து கீபோட் வாசிக்கிற றஊப்பைக் கூட்டிவந்தாள். மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பத்துப் பொடியன் அவன். இப்படித்தான் ‘றஜி மெலடீஸ்’ தொடங்கியது. கல்யாண வீடு, பிள்ளைகளின் முதல்நன்மை, கோயில் திருநாள் என்று எங்கே மேடை போட்டாலும் அவர்கள்தான். அக்காவுக்குக் கணக்கு, தம்பிக்குத் தொண்டை என்று சனம் சொன்னது. றொகான் தமிழிலும் பாடினான், சிங்களத்தில் பைலாவும் பாடினான். பாட்டுகளைச் சீடியாக அடித்துக் கல்பிட்டியிலிருந்து நீர்கொழும்பு வரைக்கும் கடைகளுக்குப் போட்டாள் றஜிதா. யுத்தம் முடிந்து வடக்கு வீதிகள் திறந்தபோது குழுவை வானில் ஏற்றிக்கொண்டு மன்னாருக்கும் போனாள். அந்தப் பயணத்தில் றஊப் நெற்றியை வான் கண்ணாடியில் வைத்து, பிறந்த ஊரின் வீதியைப் பார்த்தபடி வந்தான்.

அந்த நல்ல காலம் சீக்கிரமே முடிந்துவிட்டது. தொலைபேசிக்கு ரீலோட் போடுகிற கடைகளில் ஒரு சின்ன மெமரி காட்டுக்குள் றொகானின் பாட்டெல்லாம் அடங்கிப்போயின. சீடியை வாங்க ஆளில்லை. திருநாள் கமிட்டிகள் தொலைக்காட்சியில் வந்த முகங்களைக் கொழும்பிலிருந்து கூப்பிட்டன. றஜிதா கம்பனியை மூடினாள். எப்போதோ வெளிவாரியாக எடுத்து வைத்த வணிகப் பட்டம் கையிலிருந்தது. சிலாபம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், புடவைக்கடை மேல்மாடியில் இருந்த பிஸ்னஸ் ஸ்கூலில் சந்தைப்படுத்தல் படிப்பிக்கப் போனாள்.

றொகானுக்குப் பட்டம் இல்லை. கொஞ்சக் காலம் வள்ளத்தில் போய்ப் பார்த்தான். கரை மறைந்ததும் குடலைப் புரட்டிச் சத்தி எடுத்தான். ஒரு வருசம் தலவிலத் திருநாளுக்குப் போய்வருகிறேன் என்று பெண்சாதி மெற்றில்டாவிடம் சொல்லிவிட்டுப் போனவன், முந்தல் பக்கமிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட மீன்பிடி றோலரில் ஏறிவிட்டான். அந்தக் காலத்தில் அந்தக் கரையே அப்படிக் காலியாகிக்கொண்டிருந்தது. போனவர்களில் சிலர் தூரத்துத் தீவு முகாமிலிருந்து தொலைபேசி எடுத்தார்கள். சிலரைத் திருப்பி அனுப்பினார்கள். றொகானிடமிருந்து மட்டும் ஒரு சேதியும் இல்லை. இரண்டு வருசமாகிவிட்டது. பாக்கியம்மா மகனைப் பற்றிப் பேசும்போது ‘அவன் வந்த பிறகு’ என்றே பேசினாள்.

பிஸ்னஸ் ஸ்கூல் பணிப்பாளர் றஜிதாவிடம் ஒருதரம் சொல்லியிருந்தார். “புத்தகத்தில இருக்கிற அமெரிக்கக் கம்பனியப் பத்திச் சொன்னா பிள்ளைகள் நித்திரை கொள்ளுது மிஸ். உங்கட கம்பனியச் சொல்லுங்க. அது எப்படி வளர்ந்தது, ஏன் விழுந்தது. அதைவிட நல்ல பாடம் எங்க இருக்கு?”

அதனால் அவள் தன் கம்பனியைப் பாடமாக்கினாள். ஒவ்வொரு புதிய வகுப்புக்கும் அதே படங்கள், அதே வரைபடம், அதே பகிடி, அதே இடத்தில் சிரிப்பு. சொல்லிச் சொல்லி அது யாரோ ஒருத்தியின் கதையாகிவிட்டது. அவளுக்கு அது வசதியாகவும் இருந்தது. யாராவது கட்டாயம் கேட்பார்கள், அந்தப் பாட்டுக்காரர் இப்போது எங்கே என்று. “வெளிநாட்டில” என்பாள் றஜிதா. அடுத்த படத்துக்குப் போவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கிணற்றடியில் மெற்றில்டா கை கழுவிக்கொண்டு நின்றாள். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் அந்தக் கைகளிலிருந்து மீன் மணம் போகாது. றஜிதா பஸ்ஸால் இறங்கி வந்து செருப்பைக் கழற்றினாள்.

“மச்சாள், உங்களோட ஒரு கதை இருக்கு” என்றாள் மெற்றில்டா.

“சொல்லு.”

“ஐஸ் லொறி ஓட்டுற சாள்ஸைத் தெரியும்தானே. சிலாபத்து ஆள். பெண்சாதி செத்தவர்.”

“ஓம்.”

“அவர் என்னைக் கேட்கிறார்.”

றஜிதா வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். கயிறு கையில் ஓடியது. கோபம் வரும் என்று பார்த்திருந்தாள். வரவில்லை. “நீ என்ன சொன்ன?” என்று கேட்டாள்.

“ஒண்டும் சொல்லல்ல. என்னத்தச் சொல்றது? நான் தாலி கட்டினவளா, அறுத்தவளா எண்டு எனக்கே தெரியாதே.” மெற்றில்டாவின் குரல் உயரவில்லை. பாத்திரம் கழுவுகிறவள்போலவே பேசினாள். “இன்னொண்டு. சாள்ஸ் உடப்புக்கு ஐஸ் போடப் போனவராம். அங்க ஒரு பொடியனை இப்பத்தான் திருப்பி அனுப்பியிருக்காம். அவன் போன போட்டில ஒரு பாட்டுக்காரர் இருந்தவராம்.”

கயிறு நின்றது. “மாமிக்குத் தெரியாது” என்றாள் மெற்றில்டா.

மறுநாள் சனிக்கிழமை. சிலாபத்து ஆசுபத்திரியில் மருந்தெடுக்கப் போவதாகப் பாக்கியம்மாவிடம் சொல்லிவிட்டு இருவரும் வெளிக்கிட்டார்கள். புத்தளம் பஸ்ஸில் ஏறிப் பத்துளு ஓயாவில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோவில் உடப்புக்குப் போனார்கள். வழியெல்லாம் இறால் பண்ணைக் குளங்கள். பாதிக்குளம் வற்றி வெடித்துக் கிடந்தது. கோயிலில் ஏதோ கொடியேற்றத்துக்கு ஆயத்தம். மேளத்தை யாரோ சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில் ஒன்றில் ஒலிபெருக்கியைக் கோணலாகக் கட்டியிருந்தார்கள். இந்தக் கோணத்தில் கட்டினால் காற்று சத்தத்தைக் கடலுக்குள் கொண்டுபோய்விடும் என்று றஜிதா நினைத்தாள். நினைத்துவிட்டு, இப்போது இதை ஏன் நினைக்கிறேன் என்று யோசித்தாள்.

குமரவேல் என்ற அந்தப் பொடியன் தென்னோலைக் கொட்டிலுக்குள் வலையை விரித்துவைத்துக்கொண்டு இருந்தான். முப்பது வயதிருக்கும். அவர்களைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் துடைத்துப் போட்டான். தாய் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

“நீங்க பாட்டுக்காரருக்கு ஆரு?”

“அக்கா. இவ பெண்சாதி.”

அவன் மெற்றில்டாவைப் பார்க்காமல் வலையைப் பார்த்தான். “எனக்கு அவர்ர ஊர் தெரியாது அக்கா. பேரும் சரியாத் தெரியாது. எல்லாரும் பாட்டுக்காரர் எண்டுதான் சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா முகாமில இருந்தே ஆருக்காவது சொல்லியிருப்பேன்.”

“பரவால்ல. சொல்லுங்க.”

“நடுக்கடல்ல எஞ்சின் நிண்டுட்டு. தண்ணி உள்ள வரத் தொடங்கிட்டு. கன நேரத்துக்குப் பிறகு இன்னொரு போட் வந்திச்சு, அதுவும் எங்களைப் போல போற போட்தான். கயிறு போட்டாங்க. ஒவ்வொருத்தரா மாறினோம். விடியற நேரம். அவர் ஒரு காலை அங்க வச்சிட்டார். அந்த நேரம் அலை ரெண்டு போட்டையும் பிரிச்சிட்டு.”

அவன் இரண்டு கைகளையும் பக்கம் பக்கமாக வைத்து விலக்கிக் காட்டினான்.

“ஒருக்காத் தலை தெரிஞ்சிச்சு. பிறகு தெரியல்ல. சுத்திச் சுத்தித் தேடினோம். காத்து விடல்ல.”

“அது அவர்தானா?” என்று கேட்டாள் மெற்றில்டா.

“கழுத்தில அந்தோனியார் சுருவப் பதக்கம் போட்ட மாலை. இடது காதில ஒரு சின்ன வெட்டு.”

மெற்றில்டா தலையாட்டினாள். அந்த வெட்டு மேடையில் கம்பி அறுந்து பட்டது.

“அவன் கப்பல்ல பாடினானா?” றஜிதாவுக்கே தான் ஏன் அதைக் கேட்டோம் என்று தெரியவில்லை.

“இல்ல அக்கா. ஏறின நேரத்தில இருந்து சத்திதான். ஒரு மூலையில சுருண்டு கிடந்தார். நான் அவர் பாடிக் கேட்டதே இல்ல.”

தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்கள். மீதம் வைப்பது மரியாதையில்லை என்று இருவருக்கும் தோன்றியது. குமரவேலின் தாய் வாசல்வரை வந்து மெற்றில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சன்னலோரம் இருந்த மெற்றில்டா கேட்டாள்: “மாமிக்கு ஆர் சொல்றது?”

“நான் சொல்றன்.”

மேடை கிடைக்கவில்லை, வான் பழுதாகிவிட்டது, கச்சேரி நின்றுபோயிற்று என்று கெட்ட சேதியெல்லாம் எப்போதும் அவள்தான் சொன்னாள். சொல்வது அவளுக்குப் பழகிய வேலை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பாக்கியம்மா நண்டுக் குழம்பு வைத்தாள். முருங்கை இலை போட்டு, தேங்காயை அம்மியில் அரைத்து. மூன்று பேரும் இருந்து சாப்பிட்டார்கள். “அம்மா” என்றாள் றஜிதா.

“என்ன?”

“சம்பலைத் தாங்க.”

பின்னேரம் மறுபடியும் சொல்லப் பார்த்தாள். பாக்கியம்மா படியில் இருந்து, காய்ந்த கருவாட்டைப் பெரிதும் சிறிதுமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். “இந்தக் கட்டா நல்ல சதை. அவன் வந்த பிறகு பொரிக்கலாம், தனியா வை” என்று ஒரு துண்டை மெற்றில்டாவிடம் நீட்டினாள். மெற்றில்டா அதை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். றஜிதா கிணற்றடிக்குப் போய் ஏற்கனவே தோய்த்த சாரியை இன்னொரு தரம் தோய்த்தாள்.

திங்கட்கிழமை வகுப்பு. வங்கியில் வேலை செய்கிறவர்கள், கடைக்காரரின் பிள்ளைகள், புத்தளத்திலிருந்து பர்தாவோடு வரும் பெண்கள். அன்றைக்குப் பாடம் அவளுடைய கம்பனிதான். மேடையில் மைக்கோடு நிற்கிற றொகானின் படம் சுவரில் விழுந்தது. றஜிதா வழக்கம்போலப் பேசினாள். ஒரே ஒரு ஆளின் திறமையில் ஒரு தொழிலை நிறுத்தினால் என்ன ஆபத்து என்று விளக்கினாள். வழக்கமான இடத்தில் சிரித்தார்கள்.

முன்வரிசையில் இருந்த நிஸ்ரின் கையைத் தூக்கினாள். “அந்தப் பாட்டுக்காரர் இப்ப எங்க மிஸ்?”

“அவர் இறந்துட்டார்” என்றாள் றஜிதா. “அவுஸ்திரேலியா போற வழியில. ஒரு போட்டில இருந்து மற்றப் போட்டுக்கு மாறயில கடலுக்குள்ள விழுந்துட்டார். எண்ட தம்பி.”

நிஸ்ரின் எழும்பி நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழும்பினார்கள்.

“இருங்க, இருங்க” என்றாள் றஜிதா. அடுத்த படத்தைப் போட்டாள். அது சீடி விற்பனை இறங்கிய கோடு. அதை முழுதாக விளக்கினாள். கேள்வி கேட்டாள், பதிலைத் திருத்தினாள். மணி அடித்த பிறகு மேசையைத் துடைத்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய்ப் பாண் சாப்பிட்டாள். பசித்தது.

ஆனால் அந்த வகுப்பில் குருசடிப்பாட்டுக்கு அடுத்த கரையிலிருந்து வருகிற ஒருவன் இருந்தான். இடைவேளையில் அவன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தான். அவனுடைய பெரியம்மா பாக்கியம்மாவோடு ஒரே வாடியில் மீன் வெட்டுகிறவள்.

றஜிதா பஸ்ஸால் இறங்கும்போது தூரத்திலேயே தன் வீட்டு முற்றத்தில் கதிரைகளைக் கண்டாள். ஒருவன் மதில் ஓரம் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டிருந்தான். பெண்கள் ஒப்பாரி வைக்கவில்லை. பாக்கியம்மா வைக்க விடவில்லை. அவள் நடுவீட்டில் பாயில் இருந்தாள். கையில் மீன் செதில் இன்னும் ஒட்டியிருந்தது. மெற்றில்டா சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

“மகள்” என்றாள் பாக்கியம்மா. “உண்மையா?”

“ஓம் அம்மா.”

“எப்ப தெரியும்?”

“சனிக்கிழமை.”

பாக்கியம்மா பக்கத்திலிருந்த பெண்களைப் பார்த்து, றஜிதா அங்கே இல்லாததுபோலச் சொன்னாள்: “ஊரான் புள்ளைகளுக்குப் பாடத்தில சொல்லியிருக்கா. பெத்தவளுக்குச் சொல்ல வாய் வரல்ல.”

றஜிதா சாரியைக் கூட மாற்றாமல் குசினிக்குள் போய், வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றத் தொடங்கினாள்.

பங்குச் சுவாமியிடம் பாக்கியம்மா தானே போனாள். உடலில்லாமல் அடக்கம் இல்லை, ஆனால் கண்டவன் சொன்னபடியால் ஆத்துமத்துக்குப் பூசை வைக்கலாம் என்று அவர் சொன்னார். குமரவேலும் உடப்பிலிருந்து வந்து அவரிடம் சொல்லிவிட்டுப் போனான். பூசை நாளன்று றஊப் புத்தளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தான். இப்போது அவன் உப்பளமொன்றில் கணக்கெழுதுகிற கிளாக். பின்னால் ஒரு சாக்கு கல்பிட்டி வெங்காயம் கட்டியிருந்தான்.

“அம்மா, நான் என்ன செய்யட்டும்?” என்று பாக்கியம்மாவிடம் கேட்டான்.

“வெங்காயத்த உரி” என்றாள் அவள். அவன் கோயிலுக்குப் போகாத பெண்களோடு குசினிப் பக்கம் குந்தியிருந்து உரித்தான். உரித்துக்கொண்டே அழுதான்; அழுவதற்கு அது நல்ல இடம்.

கோயில் பொடியன்கள் றொகானின் சீடியை ஒலிபெருக்கியில் போடலாமா என்று கேட்டு வந்தார்கள். றஜிதாதான் அவர்களைத் தாயிடம் அனுப்பினாள்.

“வேணாம்” என்றாள் பாக்கியம்மா. “பாட்டு அவன்ட தொழில். இண்டைக்கு அவனுக்கு லீவு.”

பூசையில் றஜிதா முன்வாங்கில் முழந்தாளில் இருந்தாள். சுவாமி றொகானின் முழுப்பெயரைச் சொன்னார். பக்கத்தில் மெற்றில்டா கறுப்புச் சாரியில் குலுங்கினாள். றஜிதாவுக்குப் பின்வரிசை ஒலிபெருக்கி இரைவதுதான் காதில் விழுந்தது. எழும்பிப்போய் அதைச் சரிசெய்யக் கை பரபரத்தது. தான் கல்லாகிவிட்டோமோ என்று ஒருகணம் பயந்தாள். அந்தப் பயமும் நிற்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் பேச்சுக் குறைந்தது. பாக்கியம்மா மகளோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சோறு போட்டு வைப்பாள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். மெற்றில்டாவோடுதான் எல்லாக் கதையும். றஜிதா வகுப்புக்குப் போனாள், வந்தாள். தன் கம்பனியைப் பற்றிய படங்களை மடிக்கணினியிலிருந்து எடுத்துவிட்டு, பழையபடி புத்தகத்திலுள்ள அமெரிக்கக் கம்பனியைப் படிப்பித்தாள். பிள்ளைகள் நித்திரை கொண்டார்கள். பணிப்பாளர் ஒன்றும் கேட்கவில்லை.

காற்று தணிந்து வள்ளங்கள் மறுபடி இறங்கின காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாள்ஸ் வந்தான். லொறியில் வரவில்லை. யாரிடமோ இரவல் வாங்கிய வானில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு வந்தான். கல்யாணப் பதிவுக்கு இன்னும் காலம் எடுக்கும். அதுவரைக்கும் மெற்றில்டா அவனுடைய தாயோடு இருப்பதென்று பேச்சு. மெற்றில்டா ஒரு சூட்கேசையும், உடுப்புக் கட்டொன்றையும் வாசலில் வைத்தாள். பாக்கியம்மாவின் காலில் விழப்போனவளை அவள் தோளில் பிடித்து நிறுத்தினாள்.

பாக்கியம்மாவே சூட்கேசைத் தூக்கிக்கொண்டு வான்வரை நடந்தாள். சாள்ஸ் ஓடிவந்து வாங்கப் பார்த்தான். கொடுக்கவில்லை.

“தம்பி.”

“சொல்லுங்க அம்மா.”

“இவளுக்குக் கணவாய் ஒத்துக்காது. முகமெல்லாம் தடிக்கும். ஆசைப்பட்டுத் தின்பாள், விடப்படாது.”

“சரி அம்மா.”

“இடி இடிச்சாப் பயம். தனிய விடாத. வேலை சொன்னா இல்லை எண்டு சொல்லமாட்டாள், அதுக்காக மேல மேல ஏத்திக்கொண்டு போகாத. நான் அப்பிடி ஏத்திட்டன்.”

சாள்ஸ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றான். மெற்றில்டா வானுக்குள் முகத்தை மூடிக்கொண்டாள். வான் மணலில் ஒருதரம் சறுக்கி, பிறகு பிடித்து, தென்னைகளுக்கு நடுவே போய்விட்டது.

பாக்கியம்மா திரும்பி வந்தாள். மத்தியானத்துக் கறிக்கு முருங்கைக் கொப்பு ஒன்று படியில் கிடந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு பாயில் இருந்து இலை உருவினாள். றஜிதா கதவோரம் நின்றாள். உள்ளே போவதா, நிற்பதா என்று தெரியவில்லை.

“வந்து இரு” என்றாள் பாக்கியம்மா.

றஜிதா எதிரே இருந்தாள்.

“உடப்புக்கு நீங்க போனது, அந்தப் பொடியன் சொன்னது, எல்லாம் மற்றவங்க வாயாலதான் கேட்டன். ஆளுக்கொரு மாதிரிச் சொல்றாங்க.” இலையை உருவுவதை அவள் நிறுத்தவில்லை. “அங்க படிக்கிற புள்ளைகளுக்கு நீ சொன்னாய்தானே. எனக்கும் சொல்லு.”

றஜிதா வாயைத் திறந்தாள். வகுப்பில் வந்த சொற்கள் வரவில்லை. “அம்மா, தம்பி” என்று தொடங்கி நின்றாள். பாக்கியம்மா அடுத்த ஈர்க்கை எடுத்தாள். பிறகு றஜிதா முதலிலிருந்து சொன்னாள். எஞ்சின் நின்றது, தண்ணீர் ஏறியது, மற்றப் போட் வந்தது, கயிறு போட்டது. சத்தி எடுத்தபடி மூலையில் கிடந்ததையும் மறைக்கவில்லை. குமரவேல் கைகளை விலக்கிக் காட்டியதுபோலவே அவளும் காட்டினாள். விலக்கிய கைகளை அப்படியே வைத்துக்கொண்டு இருந்தாள்.

“எந்த நேரம்?”

“விடியக்காலை.”

“தண்ணி குளிர்ந்திருக்கும்.”

“ஓம் அம்மா.”

பாக்கியம்மா மடியிலிருந்த இலைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மகளுடைய இரண்டு கைகளையும் எட்டிப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னொருக்காச் சொல்லு” என்றாள். “அவசரப்படாமச் சொல்லு.”